திரும்பி வந்தவனின் தாய்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஊரில் பொறாமைக்கு அதுதான் பெயர். ஆராய்ச்சியில் பிறந்தது என்று சொல்லலாமா என்றும் முதலில் யோசித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு, நியூ ஜேர்சி, குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஒரு பண்ணைக் குடும்பம், அந்தக் குடும்பத்தின் தாய் என்று அடுக்கினால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். ஆனால் நான் அந்தப் பெண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவளுடைய மகன் போருக்குப் போய்த் திரும்பி வந்தான். என்னுடைய மகன் வரவில்லை.

அவள் பெயர் லிடியா. நான் பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே செத்துப்போனவள். செத்த ஒருத்திமேல், அதுவும் வேறு நாட்டில் வேறு சாமி கும்பிட்ட ஒருத்திமேல், இவ்வளவு எரிச்சல் வருமென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. (சாமி கும்பிட்ட என்பது பிழை. அவர்கள் கும்பிடுவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். பிழையை அப்படியே விடுகிறேன். அவளை முதலில் எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தேன் என்பதற்கு அது கிடக்கட்டும்.)

தொடங்கிப் பார்த்த வரிகள் இவை:

"1862ஆம் ஆண்டுக் கோடையில், சோளம் ஆளுயரம் வளர்ந்து நின்ற ஒரு காலையில் லிடியா —"

நிறுத்திவிட்டேன். நியூ ஜேர்சிச் சோளத்தை நான் கார் யன்னலூடாகத்தான் கண்டிருக்கிறேன்.

"லிடியா நல்லவள். அதனால்தான் கடவுள் அவளுடைய மகனை —"

இதையும் நிறுத்தினேன். இந்த வாக்கியத்தை முடித்தால் நான் யார் என்றாகிவிடும்?

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து.

2

1998ஆம் ஆண்டு வசந்தம். நாங்கள் நியூ ஜேர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். என் கணவர் அரியரட்ணம் மருந்துக் கம்பனி ஒன்றில் வேதியியலாளர். நான் ஊர் நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்கும் பகுதிநேர வேலை செய்தேன். மகள் தர்சனா ஹைஸ்கூலில் இருந்தாள். கார் ஓட்டத் தெரியாவிட்டால் அந்த ஊரில் கால் இல்லாததற்குச் சமம். அரியரட்ணம் எனக்குப் பழக்கிப் பார்த்தார்.

"பிரேக், பிரேக் எண்டெல்லே சொல்லுறன். உமக்குக் காது கேக்கேல்லையோ?"

"நீங்கள் கத்தினால் எனக்குக் கால் நடுங்குது. பிறகென்னெண்டு அமத்துறது?"

அதோடு அந்தப் பாடம் முடிந்தது. கலியாணத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மேரியன் எங்கள் நூலகத்தில் சனிக்கிழமைகளில் குழந்தைகளுக்குக் கதை வாசிக்கும் தொண்டர். எழுபது தாண்டியவள். கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி. நகை என்று ஒன்றும் கிடையாது, மணிக்கூடு மட்டும். "நான் பழக்குகிறேன் வசந்தாமணி, எனக்குக் கத்த வராது," என்றாள்.

அவள் என்னைக் கூட்டிப்போன இடம், ஊருக்குத் தெற்கே குவேக்கர்களான அவர்களுடைய தொழுகை இல்லத்தின் வாகனத் தரிப்பிடம். செங்கல் கட்டடம். சிலுவை இல்லை, கோபுரம் இல்லை, மணி இல்லை. தெரியாதவர்கள் அதைப் பழைய பள்ளிக்கூடம் என்று நினைப்பார்கள். மேரியனின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வருவது அங்கேதான். கிழமை நாட்களில் ஒரு குருவியும் இராது. இரண்டு செம்மஞ்சள் கூம்புகளை வைத்து அவற்றுக்கு நடுவே காரை நிறுத்தப் பழக்கினாள். உண்மையில் ஒருநாளும் கத்தவில்லை.

ஒருநாள் மரநிழலில் காரை நிறுத்தி, தெர்மோஸில் கொண்டுவந்த தேநீரை ஊற்றித் தந்தபடி மேரியன் லிடியாவைப் பற்றிச் சொன்னாள். லிடியா அவளுடைய தாத்தா ஆமோஸின் தாய்.

லிடியாவின் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் பாட்டும் கிடையாது, பிரார்த்தனையும் கிடையாது. எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கரண்டியைத் தொடுவார், சாப்பாடு தொடங்கும். அடிமைகளின் கையால் வந்த பருத்தியை அவள் உடுத்தமாட்டாள். கம்பளியும் சணல் துணியும்தான். அடிமைகள் செய்த சர்க்கரை வீட்டு வாசலைத் தாண்டாது. பிள்ளைகள் மேப்பிள் மரத்துப் பாகையும் தேனையும் கொண்டு சமாளித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ற சொல்லைக்கூட அவள் சொல்லமாட்டாள், சூரியனைக் கும்பிட்டவர்கள் வைத்த பெயர் என்று. முதலாம் நாள் என்பாள். அந்த முதலாம் நாளில் எல்லாரும் வண்டி பூட்டி இந்த இல்லத்துக்கு வருவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். சபைக்கு முகம் காட்டி மூப்பர்களுக்கென்று உயரத்தில் சில மரவாங்குகள் இருக்கும். லிடியா மூப்பராக இருந்தாள். அவளுடைய இடம் அந்த உயர்ந்த வாங்கில்.

அவர்களுடைய சமயத்தில் போர் கூடாது. எந்தப் போரும், எந்தக் காரணத்துக்கும். ஆனால் அடிமைமுறைக்கு எதிரான போர் வந்தபோது பதினெட்டு வயது ஆமோஸ் எழும்பிப் போய்ச் சேர்ந்தான். முடிந்ததும் திரும்பி வந்தான். நான் செய்தது பிழை என்று நீ சபையில் சொன்னால் போதும், விலக்கிய உன்னைத் திருப்பிச் சேர்த்துக்கொள்வோம் என்றது சபை. அவன் சொல்ல மறுத்துவிட்டான். அடுத்த முதலாம் நாள் வந்து ஆண்கள் பக்கம் கடைசி வாங்கில் தனியே இருந்தான். அப்போது லிடியா மூப்பர் வாங்கிலிருந்து எழுந்து இறங்கி, அவ்வளவு பேரும் பார்க்க நடுவால் நடந்து, ஆண்கள் பக்கம் போய் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது இதைச் சொல்வார்கள்," என்றாள் மேரியன். "உம்முடைய மகனைப் பற்றி நீர் சொன்னதிலிருந்து, இதை உமக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன்."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும்.

"நல்ல கதை," என்றேன். பிறகு ரிவேர்ஸ் போட்டு, செம்மஞ்சள் கூம்பு ஒன்றின்மேல் காரை ஏற்றினேன்.

3

எழுதத் தொடங்கியதும் ஒரு சிக்கல். குவேக்கர்கள் அந்தக் காலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லால்தான் அழைத்தார்கள். புருசனையும் பிள்ளையையும் நீதிபதியையும் ஒரே மாதிரி. தமிழில் அதற்குச் சொல் "நீ". எங்கள் யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்று தெரியாமல் நாங்கள் வாயே திறக்கமாட்டோம். (மேரியன் ஆங்கிலத்தில் பேசினாள். அவள் எனக்குச் சொன்னதை "நீர்" என்று எழுதியது நான்தான். நான் அவளுக்கு "நீங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். வயதில் மூத்தவள்.) ஆனால் லிடியாவின் வீட்டில் மகன் தாயைப் பார்த்து "நீ" என்பான். அவன் மரியாதை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள்.

மேரியன் சொன்னதை வைத்து நான் எழுதிய காட்சி:

மாலைச் சாப்பாடு. மேசையில் எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். மௌனம் முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை. யாரும் கரண்டியைத் தொடவில்லை. ஆமோஸ் சொன்னான்:

"நான் பெயர் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் போகிறேன்."

தகப்பன் தலை நிமிரவில்லை. லிடியாதான் பேசினாள்.

"இவ்வளவு காலமும் நீ அந்த வாங்கில் இருந்து என்ன கேட்டாய்?"

"நீ சொன்னதைத்தான் கேட்டேன். மனிதனை விற்கிறவனுடைய சர்க்கரை எங்களுக்கு வேண்டாம் என்று நீ சொன்னாய். சர்க்கரையை விட்டால் போதுமா, அம்மா?"

"கொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை."

"இல்லை. நீ சொல்லவில்லை."

காலையில் அவன் வெளிக்கிடும்போது லிடியா நான்கு சோடி கம்பளிக் காலுறைகளைக் கொண்டுவந்து அவன் பைக்குள் வைத்தாள். தகப்பன் பார்த்தான். போர்வீரனுக்கு ஒரு ஊசிகூடக் கொடுக்கக்கூடாது என்பது சபையின் ஒழுங்கு.

"இது நான் கொடுப்பதில்லை," என்றாள் லிடியா. "போன குளிர்காலம் அவனுக்கென்று பின்னியது. அவனுடையதை அவன் கொண்டுபோகிறான்."

இந்தக் காட்சியை எழுதி முடித்தபோது எனக்கு அவளை அடிக்கவேண்டும் போலிருந்தது. காரணம் சொல்கிறேன். அவளிடம் சொல்லிவிட்டுப் போனான். காலுறை வைக்க அவளுக்கு ஒரு காலை நேரம் கிடைத்தது.

1990இல் நானும் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அரியரட்ணம் முதலில் அமெரிக்கா வந்து வேலையில் சேர்ந்து எங்களைக் கூப்பிட அலைந்துகொண்டிருந்தார். மகன் கஜனுக்குப் பதினேழு வயது. ரியூசனுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனான். சைக்கிளை மட்டும் அவனுடைய சிநேகிதன் கொண்டுவந்து படலையடியில் சாத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அன்ரி, அவன் இயக்கத்துக்குப் போட்டான்," என்றான். அடுத்த வருடம் தர்சனாவைக் கூட்டிக்கொண்டு நான் அமெரிக்கா வந்தேன். 1996இல் ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் போன் பண்ணி, கஜன் இல்லை என்று சொன்னார்.

(இது பாவமன்னிப்புக் கேட்கும் கதையல்ல. நான் தடுத்திருக்கலாம் என்று நான் நினைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டு போகவில்லை, தடுப்பதற்கு எனக்கு ஒரு வாசற்படியும் கிடைக்கவில்லை. எனக்கு இருப்பது எரிச்சல் மட்டும்தான்.)

4

முதல் வரைவில் நான் ஆமோஸைக் கொன்றேன்.

"வேர்ஜீனியாவில் பெயர் தெரியாத ஒரு ஆற்றங்கரை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. ஆமோஸ் குனிந்து காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தபோது —" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு மேல் எழுதினேன். அவனைச் சட்டென்று சாகவிடவில்லை. செய்தி லிடியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை மூப்பர் வாங்கிலேயே உட்காரவைத்தேன், இறங்கி வந்து உட்கார இடமில்லாமல். அந்தப் பக்கம் நல்ல தமிழில் வந்திருந்தது. நான் எழுதியவற்றுள் அதுதான் வெட்டித் திருத்தாமல் எழுதியது. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்கிறேன், எழுதும்போது பசி எடுத்தது. எழுந்து போய்ப் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்ந்தேன்.

சனிக்கிழமை அரியரட்ணம் குசினி மேசையில் சப்பாத்துகளுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துத் துணியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெடியன் உமக்கு என்ன செய்தவன்?"

"ஆர்?"

"ஆமோஸ். அவனை ஏன் சாக்காட்டினனீர்?"

"கதைதானேயப்பா."

"கதையெண்டாலும், தாயிட்டை ஆர் போய்ச் சொல்லுறது? அதை எழுதேல்லையே நீர். செய்தி வந்தது எண்டு மட்டும் போட்டிருக்கிறீர். செய்தி தானாய் வராது. ஒருத்தன் போனை வாங்கிக் கேட்டிட்டு, மேல்மாடிக்குப் படியேறிப் போய், நித்திரையாய்க் கிடக்கிற மனிசியை எழுப்பிச் சொல்லவேணும்."

1996இல் போனை எடுத்தவர் அவர். இரண்டு வருடமாக அதைப் பற்றி அவர் என்னுடன் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். போக ஒரு இடமும் இருக்கவில்லை. வீதியின் முடிவு வரை நடந்துவிட்டு வந்தார்.

அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. இங்கே சேர்க்கவும் இல்லை. தொடக்கத்தை மட்டும் மேலே பார்த்தீர்கள்.

5

லிடியாவைப் பற்றி எழுதுகிறேன் என்று மேரியனிடம் சொல்லியிருந்தேன். அடுத்த பாடத்தில் அவள் கேட்டாள்: "உம்முடைய கதையில் என் தாத்தா எப்படி இருக்கிறார்?"

"இறந்துவிட்டார்," என்றேன்.

"எப்போது?"

"போரிலே. கலியாணத்துக்கு முதல்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அப்படியென்றால் உமக்கு இப்போது யார் கார் பழக்குகிறார்கள்?"

நான் இதை யோசித்திருக்கவில்லை. ஆமோஸ் திரும்பி வராவிட்டால் அவனுக்குக் கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, மேரியன் இல்லை. ஸ்டியரிங்மேல் என் கைக்குப் பக்கத்தில் அவளுடைய கை இருந்தது, நரம்பு தெரியும் மெல்லிய தோலோடு. அந்தக் கையையும் சேர்த்துத்தான் நான் அழித்திருக்கிறேன். நான் சிரிக்காததைக் கண்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எழுத்து உம்முடையது," என்றாள். "ஆனால் ஒருநாள் உள்ளே வந்து அவர் இருந்த வாங்கில் உட்கார்ந்து பாரும்."

ஜூலை மாத ஞாயிறு ஒன்றில் போனேன். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்பதெல்லாம் இப்போது இல்லை. முப்பது பேர் இருக்கலாம். யன்னல்கள் திறந்திருந்தன. தூரத்தில் யாரோ புல் வெட்டினார்கள். ஒருவரும் பேசவில்லை. முன்னுக்கு நின்று நடத்த ஒரு போதகரும் இல்லை. யாருக்காவது உள்ளிருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லலாம், வராவிட்டால் மணித்தியாலம் முழுக்க அப்படியே போகும் என்று மேரியன் முதலே சொல்லியிருந்தாள். நான் மனதுக்குள் தேவாரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது அடி மறந்துவிட்டது. எனக்கு மௌனம் என்றால் ஷெல் விழுந்து முடிந்த பிறகு வருவது. அடுத்தது எங்கே விழும் என்று காது கொடுத்துக்கொண்டிருப்பது. இவர்கள் மௌனத்துக்குள் சாய்ந்து இருந்தார்கள். அதிலும் எனக்கு எரிச்சல் வந்தது.

வெகுநேரம் கழித்து மேரியன் எழுந்தாள்.

"இங்கே இருக்கும்போதெல்லாம் நான் லிடியாவை நினைக்கிறேன்," என்றாள். "அந்த வாங்கிலிருந்து அவள் இறங்கி வந்ததை. மகனைப் போருக்குக் கொடுத்த ஒவ்வொரு தாய்க்கும் அந்த இறங்கிவரும் பலம் கிடைக்கட்டும்."

உட்கார்ந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் யாருக்காகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நின்றுகொண்டிருந்தேன். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அதிலே சொன்னேன்.

"உங்களுடைய லிடியாவுக்கு இறங்கி வர ஒரு மகன் இருந்தான். கடைசி வாங்கில் பிள்ளை வந்து இருந்தால் எந்தத் தாயும் இறங்குவாள். அதற்குப் பலம் தேவையில்லை. நானும் இறங்குவேன், ஓடி வருவேன். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை."

உட்கார்ந்தேன். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்வது அங்கே வழக்கமில்லை. நான் சொன்னது அப்படியே அந்த அறையில் நின்றது. புல் வெட்டும் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. நேரம் முடிந்ததும் பக்கத்தில் இருந்த கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, வந்ததற்கு நன்றி என்றார்.

6

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். மேரியன் பக்கத்தில் இருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்பதா, இல்லையா என்று யோசித்தபடி ஒரு சிவப்பு விளக்கில் நிறுத்தினேன்.

"இன்னொருவன் இருந்தான்," என்றாள்.

விளக்கு பச்சையானது. நான் அசையவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"போம், வசந்தாமணி. அந்த டோனட் கடை வாசலில் நிறுத்தும்."

நிறுத்தினேன். கூம்பு இல்லாமலே நேராக நிறுத்தினேன்.

"ஆமோஸுக்கு மூத்தவன் ஒருவன். அவனுக்கு ஒரு வருடம் முன்பே போருக்குப் போனவன். என் அப்பா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார், வேறு எதையோ சொல்லும்போது. மற்றப் பையன் திரும்பி வரவில்லை என்று. சபை அவனை விலக்கியிருந்தது. செத்த பிறகு திருப்பிச் சேர்த்துக்கொள்ள ஒரு வழியும் இல்லை. பிழை என்று அவன் வந்து சொல்லவேண்டுமே."

"அவனுடைய பெயர் என்ன?"

"தெரியாது."

"எங்கே புதைத்தார்கள்?"

"தெரியாது. அந்தக் காலத்தில் எங்களுடைய ஆட்கள் கல்லில் பெயர்கூட வெட்டமாட்டார்கள், பெருமை என்று. இவன் இங்கே வந்து சேரவும் இல்லை."

"உங்கள் அப்பாவிடம் பெயரைக் கேட்கவில்லையா?"

"கேட்டிருக்கலாம்." அவள் மணிக்கூட்டின் பட்டியைத் தளர்த்தி மறுபடி இறுக்கினாள். "நான் சின்னப் பிள்ளை. பிறகு வளர்ந்தேன், அப்போதும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஆமோஸின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மேசையைச் சுற்றி இருந்து கதை சொல்ல அவனுடைய ஆட்கள்தான் இருக்கிறோம். மற்றவனுக்கு யார் இருக்கிறார்கள்? நீர் இன்றைக்கு எழுந்து பேசியபோதுதான், நான் இவ்வளவு காலமும் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்தது. உமக்கு ஆறுதல் சொல்லவந்து, உம்மை ஒத்த ஒருத்தியை உமக்கு மறைத்திருக்கிறேன்."

நான் சந்தோசப்படுவேன் என்று நீங்கள் நினைக்கலாம், அல்லது அழுவேன் என்று. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம். அவளை வெறுப்பதற்கு எனக்கு இருந்த ஒரே காரணத்தை மேரியன் பிடுங்கிவிட்டாள். பிறகு, கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று வந்தது. ஒரு தாய் பெற்று, பெயர் வைத்து, காலுறை பின்னிப் போட்டு வளர்த்த பிள்ளை, நூற்றிச் சொச்ச வருடத்துக்குள் "மற்றப் பையன்" ஆகிவிட்டான். சொந்த வீட்டிலேயே.

(மூன்றாம் பகுதியில் நான் எழுதிய மேசையில் ஒரு இடம் வெறுமையாக இருந்திருக்கவேண்டும். ஆமோஸ் போகிறேன் என்று சொன்னபோது மூத்தவன் ஏற்கெனவே போயிருந்தான். "இவ்வளவு காலமும் நீ என்ன கேட்டாய்" என்று லிடியா கேட்டிருக்கமாட்டாள். நீயுமா என்று கேட்டிருப்பாள். காலுறைகளும் யாருக்கென்று பின்னியவையோ. நான் அந்தக் காட்சியைத் திருத்தவில்லை. பிழையோடுதான் எனக்கு அது சொல்லப்பட்டது.)

7

வீட்டுக்கு வந்தபோது தர்சனா சோபாவில் காலை நீட்டி இருந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நான் சாரியையும் மாற்றாமல் அவள் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணான்ர பெயர் என்ன?"

"வாட்?"

"அண்ணான்ர பெயரைச் சொல்லு."

"கஜன். அம்மா, ஆர் யூ ஓகே?"

"முழுப்பெயர்."

அவள் புத்தகத்தை மூடினாள். "கஜேந்திரன்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வெயிட். கஜமுகன்? ஐ நோ இட், அம்மா. ஐ ஜஸ்ட் — நீங்கள் ஒருத்தரும் சொல்லுறேல்லையே. யூ நெவர் ஸே இட். எனக்கு அப்ப ஏழு வயது."

அவள் சொன்னது சரி. அந்த வீட்டில் நானும் அரியரட்ணமும் இரண்டு வருடமாக அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதில்லை. குசினியிலிருந்து அரியரட்ணம் வந்து வாசலில் நின்றார். அவர்தான் சொன்னார்.

"கஜரூபன். அரியரட்ணம் கஜரூபன். நான்தான் வைச்சனான். கொம்மாவுக்கு வேற பெயர் விருப்பம்."

"என்ன பெயர்?" என்றாள் தர்சனா, தமிழில்.

அன்றைக்கு அவளுக்கு நிறையச் சொன்னோம். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது லிடியாவின் கதை அல்ல, உங்களுக்கும் உரியதல்ல.

ஆனால் லிடியாவின் கதை முடியவேண்டும். நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று, மேரியன் வீட்டில் சொல்லும் முடிவு. ஆமோஸ் கடைசி வாங்கில் இருக்கிறான். லிடியா இறங்கி வந்து பக்கத்தில் இருக்கிறாள்.

இரண்டு, எனக்கு உண்மை போலத் தெரிவது. லிடியா இறங்கவில்லை. உயரத்தில் இருந்தபடி கடைசி வாங்கைப் பார்க்கிறாள். வந்தவன்மேல் அவளுக்கு அன்பு இருக்கிறது. ஆனால் வராதவனுக்காக அவள் வந்தவன்மேல் எரிச்சல்படுகிறாள். உயிரோடு இருக்கிறானே என்று. ஒரு மணித்தியாலம் முழுக்க அந்த எண்ணத்தோடு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், சபைக்கு முகம் கொடுத்து இருக்கிறாள். இதை மேரியனுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியும் இருந்திருக்கலாம்," என்றாள். பிறகு, "அப்படியானால் நான் அவளை அதிகம் விரும்புவேன்," என்றாள்.

மூன்று, லிடியா இறங்கி வருகிறாள். ஆமோஸை ஒட்டி உட்காராமல், ஒரு ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு உட்காருகிறாள். இது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் எனக்கு இதில் நம்பிக்கையில்லை.

நான் தெரிவு செய்யவில்லை. செய்யும் உரிமை எனக்கில்லை என்று நினைக்கிறேன். ஏற்கெனவே ஒரு பிள்ளையை அவளுக்கு நான் கொன்றிருக்கிறேன். இன்னும் எதற்கு? நீங்கள் எந்த முடிவையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காரியம் மட்டும் செய்யவேண்டும். மூன்றில் எதிலும் லிடியா அந்த மணித்தியாலத்தில் மூத்தவனை மனதுக்குள் கூப்பிட்டிருப்பாள். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள், மற்றப் பையன் என்றல்ல. அந்த வரியில் நான் இடம் விட்டிருக்கிறேன்:

"லிடியா கண்ணை மூடிக்கொண்டு, ........................, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டாள்."

உங்களுக்குப் பிடித்த பெயரை எழுதுங்கள். வேதாகமப் பெயரோ, உங்கள் வீட்டுப் பெயரோ, எதுவானாலும் அவளுக்குப் போதும். கஜரூபன் என்று மட்டும் எழுதாதீர்கள். லிடியா பாவம்தான், இப்போது எனக்கு அது தெரியும். என்றாலும் அந்தப் பெயர் என்னுடையது. அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.